மூட்டு வலி: டாக்டரிடம் எதைச் சொல்வது? சிஸ்டர் பதில்கள்

சேலத்தில் ஓ.பி.யில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் எதைச் சொன்னால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூட்டைத் தொட்டுப் பார்ப்பார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை, வயது 38: சிஸ்டர், கொலுசுப் பட்டறையில் வேலை. விரல் கணுவெல்லாம் வலி. எத்தனை முறை போனாலும் "கை வேலை செய்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை எழுதி அனுப்புகிறார்கள்.

"வலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும்மா. வரிசையில் நிற்கும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் நேரத்தைச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் விரல் விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் முடக்குவாதமா, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டு கையிலுமா, கணு வீங்குகிறதா, ஆறு வாரம் தாண்டிவிட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலையைச் சொல்லுங்கள். இடுக்கியைப் பிடிக்க முடிகிறதா, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடிகிறதா, குடத்தைத் தூக்க முடிகிறதா? இன்னொன்று, காலை ஆறு மணிக்கு இருக்கும் வீக்கம் பதினொரு மணிக்கு உங்கள் டோக்கன் வரும்போது வடிந்திருக்கும். எழுந்தவுடனே போனில் கையைப் படம் எடுத்து வையுங்கள். கடைசியில் நேராகவே கேளுங்கள்: "சார், இது முடக்குவாதமா இருக்குமான்னு பாத்துடலாமா?" அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. முடக்குவாதமாக இருந்தால் முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்குவதுதான் விரல் கோணாமல் காப்பாற்றும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அம்மாபேட்டை: முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகடிவ். "உனக்கு ஒன்றும் இல்லை" என்கிறார் டாக்டர். ஆனால் மணிக்கட்டு வீங்கித்தான் இருக்கிறது.

முடக்குவாதம் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு அந்தப் பரிசோதனை நெகடிவாகத்தான் வரும். நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்கு பாசிடிவாகவும் வரும். வீக்கம் கண்ணுக்குத் தெரியும்போது காகிதத்தை மட்டும் நம்பக் கூடாது. ஆன்டி சிசிபி, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற மற்ற ரத்தப் பரிசோதனைகளும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சிக்குன்குனியா வந்து போயிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: அம்மா காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறார். மலைக் குளிர்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

குளிரில் விறைப்பு கூடுதலாகத் தெரியும். மூட்டு நோயைக் குளிர் உண்டாக்காது. சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதே நோய் வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், தெரியும். மேலேயே எடுக்க முடிந்த ரத்தப் பரிசோதனைகளை முடித்து, பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

இரும்பாலை ரோடு, வயது 24: ஆறு மாதமாக இடுப்பு வலி. எக்ஸ்ரே நார்மல். "பைக் ஓட்டுவதைக் குறை" என்கிறார்கள்.

தம்பி, படுத்தால் கூடுகிறதா, நடமாடினால் குறைகிறதா? விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வலியே எழுப்பி விடுகிறதா? அப்படியானால் இந்த வரிகளை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு நோய் பெரும்பாலும் உங்கள் வயதில்தான் தொடங்கும். எக்ஸ்ரேயில் அது தெரிய வருடங்கள் ஆகலாம். எம்.ஆர்.ஐ., ஹெச்.எல்.ஏ. பி27 பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

குகை: மாமியார் பெயரில்லாத பொட்டலப் பொடி சாப்பிடுகிறார். ஒரே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா?

ஒரே நாளில் போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. பொட்டலத்தோடு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

சூரமங்கலம்: "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டார். வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

தாராளமாக. போவதற்கு முன்னால் அவரிடமே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "என்னென்ன நோய் இல்லைன்னு உறுதியாச்சு? எது கூடினா நான் உடனே வரணும்?" பதில் வராவிட்டால் ருமட்டாலஜிக்கு, அதாவது மூட்டு வாத நோய்ப் பிரிவுக்கு, கடிதம் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் அதற்கென்று தனித் துறை இருக்கிறது. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் உண்மையான நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. கூட வீட்டு ஆள் ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்ல விட்டதை அவர் சொல்வார்.