வெளிநாட்டில் படித்தபோது மிக நிதானமாகக் கழிந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல முடியுமா?

தென்மேற்கு பிரான்ஸில், வெசேர் ஆற்றங்கரையில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன்.

தொல்லியல் முதுகலை படித்தபோது கோடையில் அகழாய்வுப் பயிற்சி கட்டாயம். எங்கள் குழு தொர்தோன் மாவட்டத்தில், லெஸெஸி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. மற்ற நாள்களில் குழிக்குள் முட்டி போட்டு மண்ணைச் சுரண்ட வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு கல் சில்லுக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அது கிடந்த இடத்தை அளவெடுத்து, பையில் போட்டுச் சீட்டு எழுத வேண்டும். மிச்ச மண்ணைத் தண்ணீரில் அலசிச் சலிக்க வேண்டும். சல்லடை வேலை யார் தலையில் விழுகிறதோ, அவருக்கு மாலைக்குள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிவிடும். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை.

அதை எப்படிக் கழிப்பது என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி காலையிலேயே கற்கால ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. 1940இல் கண்டுபிடித்த அசல் குகையை, பார்வையாளர்கள் விட்ட மூச்சுக்காற்றில் ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால், 1963இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலோர் பார்ப்பது 2016இல் திறந்த நகல். நகல் நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் வாரம் முழுக்கப் பழைய கற்காலத்தில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறும் அங்கேயே போவதா? நான் சோம்பேறிகள் கட்சி.

நாங்கள் போனது சேன் சிப்ரியன் ஊரின் ஞாயிற்றுச் சந்தைக்கு. அந்தப் பக்கம் முழுக்க வாத்து ராஜ்ஜியம். வாத்து ஈரல், கொழுப்பில் வேகவைத்த வாத்துக் கால் எல்லாம் இருக்கட்டும், உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் பூண்டு போட்டு வறுப்பார்கள். சைவக்காரன் பாடு திண்டாட்டம் என்று நினைத்தேன். ஆனால் ஸ்ட்ராபெரி, செர்ரி, வால்நட் எண்ணெய், வால்நட் போட்ட ரொட்டி என்று பை நிறைந்துவிட்டது. ஆட்டுப்பால் சீஸ் விற்ற அம்மா உள்ளங்கையளவுகூட இல்லாத வட்டங்களை வயது வாரியாக அடுக்கி வைத்திருந்தார். முதல் வரிசை வெள்ளை வெளேரென்று ஈரமாக, அடுத்தது லேசாக மஞ்சள் ஓடி, கடைசி வரிசை ஓடு மாதிரிக் காய்ந்து. நான் நடு வரிசையைக் காட்டினேன். அவர் உடனே எடுத்துத் தரவில்லை. “இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? மத்தியானமா, ராத்திரியா?” என்று கேட்டார். இன்று மத்தியானம் என்றதும் ஒன்றிரண்டை விரலால் அழுத்திப் பார்த்து, தனக்குத் திருப்தியானதைத்தான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். விலையைவிடச் சாப்பிடும் நேரத்தில் அவ்வளவு கறார்!

அந்தக் கறார் ஊர் முழுக்க இருந்தது. மதியம் ஆனதும் சந்தைக்காரர்கள் மேசையை மடிக்கத் தொடங்கினார்கள், பேக்கரி ஷட்டர் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆளே இல்லை. எல்லோரும் சாப்பாட்டு மேசையில்! ஓய்வு நாளுக்கும் அங்கே கால அட்டவணை உண்டு. அதற்கு ஒத்துப்போனால் சுகம். நாங்களும் முகாமுக்குத் திரும்பி, மர நிழலில் மேசை போட்டு, கிட்டத்தட்ட மாலை வரை சாப்பிட்டுக்கொண்டே பேசினோம்.

அப்புறம் ஆறு. கனோ என்ற சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து, துர்சாக் பக்கமிருந்து நீரோட்டத்தோடு இறங்கினோம். தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான். துடுப்புக் கூழாங்கல்லில் உரசும். ஒரு வளைவில் லா மதலேன் வந்தது. கற்காலத்தின் ஒரு முழுக் காலகட்டத்துக்கே மக்தலேனியன் என்று பெயர் கொடுத்த இடம். 1864இல் அங்கே மாமத் என்ற, அழிந்துபோன யானை இனத்தின் தந்தத் துண்டு ஒன்று கிடைத்தது, அதில் மாமத் உருவத்தையே கீறியிருந்தார்கள். அதைத் தோண்டிய ஆய்வாளர்கள் லார்தேயும் கிறிஸ்டியும் இந்தப் பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கியது 1863இல். அதே ஆண்டு மே மாதம்தான் சென்னைப் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். முன்னால் துடுப்புப் போட்ட பிரெஞ்சுத் தோழியிடம் இதைச் சொன்னேன். சென்னைக்கு அருகே கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது, பல்லாவரம் தெரியவில்லை. “இப்போது அங்கே என்ன இருக்கிறது?” என்றாள். பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது என்றேன். சிரித்ததில் கனோ ஒரு ஆட்டம் ஆடியது.

மணல்திட்டில் கரையேறியதும் தொழில் புத்தி விடவில்லை. ஆளாளுக்குக் குனிந்து சிக்கிமுக்கிக் கல்லைப் புரட்ட ஆரம்பித்தோம். மனிதன் தட்டி எடுத்த சில்லு என்றால் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு இருக்கும், அதிலிருந்து அலையலையாக வரிகள் விரியும். நான் கொண்டாட்டமாக நீட்டியதைப் பயிற்சியாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதைச் செய்தது ஆறு” என்று தண்ணீரில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கு அபராதமாக அன்றிரவுப் பாத்திரம் தேய்ப்பது என் பொறுப்பு என்றும் தீர்ப்பாயிற்று.

இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் கோலி போலத்தான், ஆனால் கனத்த இரும்புக் குண்டு. சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யாருடையது நிற்கிறதோ அவருக்குப் புள்ளி, 13 எடுத்தால் வெற்றி. நான் புதுச்சேரிக்காரன் என்றதும், எங்கள் ஊரிலும் இதை ஆடுவார்கள் என்று தெரிந்த ஒருவர் என்னைத் தன் அணிக்கு இழுத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆளைப் பிடித்தார்.

அந்தப் பக்கம் போகிற மாணவர்களுக்கு இரண்டு விஷயம். லெஸெஸி ஊரின் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க, ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையாக வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வசிப்பிட அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஃபோன் தெ கோம் குகையில் அசல் வண்ண ஓவியங்களை இன்னும் பார்க்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு மிகக் குறைந்த ஆள்களைத்தான் விடுகிறார்கள். அதனால் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.