சிங்கப்பூர் நூலகத்தில் நடக்கும் சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிக்குத் தமிழ்க் குடும்பம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் ஊரிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், பிள்ளை பாலர் பள்ளியில் படிக்கும் என்று நினைக்கிறேன். யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கம் கேள்வியிலேயே தெரிகிறது. யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வட்டார நூலகத்தில் புத்தாண்டுக் கதைநேரம் என்று போட்டிருந்தார்கள், அழைத்துப் போனேன். கதை சொன்னவர் ஒரு சீன ஆன்ட்டி, தொண்டூழியர். பன்னிரண்டு விலங்குகள் ஓடிய பந்தயக் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். ஆற்றைத் தாண்ட எலி மாட்டின் முதுகில் ஏறிக்கொள்ளும். கரை வந்ததும் முன்னால் குதித்து முதலிடத்தைப் பிடித்துவிடும். சீனர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்று எலியில் தொடங்குவதற்குச் சொல்லும் கதை இது.

முடிந்ததும் என் மகள் கையைத் தூக்கி, "எங்கள் கதையிலும் எலிதான் ஜெயிக்கும்" என்றாள். பிள்ளையாரும் முருகனும் பழத்துக்குப் போட்டி போட்டதைத்தான் சொல்கிறாள். ஆன்ட்டி தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து முழுக்கதையையும் சொல்லச் சொன்னார். முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனது, பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். பேரனோடு வந்திருந்த ஒரு சீனப் பாட்டி, "அந்த மயில் பாவம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு அன்று வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு, நம் பிள்ளைகள் நம் பண்பாட்டை மறந்துவிடும் என்று சிலர் எழுத வருவீர்கள். என் மகள் அங்கே போய்ச் சொன்னது பிள்ளையார் கதையைத்தான். சாமி கும்பிடச் சொல்வார்களோ என்றும் கேட்பீர்கள். நான் பார்த்தவரை கதை, காகிதம் வெட்டுவது, தூரிகை எழுத்து, இவ்வளவுதான். எல்லா நூலகத்துக்கும் நான் உத்தரவாதம் தரவில்லை.

மறந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதே நூலகத்தில் தமிழ்க் கதைநேரமும் நடக்கிறது. பாதி நாற்காலி காலியாக இருக்கும். கேட்டால் டியூஷன், நீச்சல், பியானோ என்கிறார்கள். தமிழ் அலமாரியில் அவ்வளவு நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, எடுக்க ஆளில்லை. இரவல் போகாத புத்தகத்துக்கு எத்தனை நாள் இடம் கொடுப்பார்கள்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சரி, போவதற்கு முன் பார்க்க வேண்டியவை. நூலக வாரியத்தின் இணையதளத்தில் நிகழ்ச்சி எந்த மொழியில் என்று பாருங்கள். சில மாண்டரினில் மட்டும் நடக்கும். பெரும்பாலும் இலவசம்தான், ஆனால் முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும். சைனாடவுன் பாயிண்ட் கட்டடத்தில் 2013-இல் திறந்த நூலகம் சீனக் கலை, பண்பாட்டுக்கென்றே அமைந்தது, அதையும் பாருங்கள். வெளியே எங்காவது சிங்க நடனம் பார்க்க நின்றால், பிள்ளை சத்தத்துக்குப் பயப்படுகிறதா என்று கவனியுங்கள். மேளமும் தாளமும் பக்கத்தில் காதைப் பிளக்கும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.