முதல் ரோபோ போட்டிக்கு மலை இறங்கும் டீமுக்கு: கேள்வி பதில்

நீலகிரிப் பள்ளி டீம்களோடு ரோபோ வேலை பார்த்து வருகிறவன் நான். இந்த வருடம் முதல்முறையாகக் கோவைக்குப் போட்டிக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

குன்னூர், இயற்பியல் ஆசிரியை: எனக்கு புரோகிராமிங் தெரியாது. ஹெச்.எம். டீம் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு என்னைவிட நிறையத் தெரியும். நான் என்னதான் செய்வது?

தெரியாதது ஒருவகையில் நல்லதுதான் டீச்சர், கிண்டலுக்குச் சொல்லவில்லை. புரோகிராம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால், ஒரு எர்ரர் வந்ததும் லேப்டாப் அவர் மடிக்குப் போய்விடும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். போட்டி அன்று அதே பெரியவர் களத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர். வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாடை எடுத்துக்கொள்ளுங்கள். டீமில் இரண்டு அல்லது மூன்று பேர்தான். போட்டி நேரத்தில் கோச் வாய் திறக்கக் கூடாது. போதாக்குறைக்கு அன்று காலையில் புதிதாக ஒரு 'சர்ப்ரைஸ் ரூல்' வேறு அறிவிப்பார்கள். அதைப் பிள்ளைகளேதான் சமாளிக்க வேண்டும்.

அதனால் எந்த டீமைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ரோபோ உடைந்தால், பெரியவர்கள் யாரும் இல்லாமல் இவர்களே சரிசெய்துவிடுவார்களா? 'இல்லை' என்றால் ரோபோ அவர்கள் கைக்கு மீறிப் போய்விட்டது. ஒரு மோட்டாரைக் கழற்றுங்கள், ஒரு வேலையைக் குறையுங்கள். மூன்று வேலையைச் சில சமயம் செய்கிற ரோபோவைவிட, ஒரே வேலையை ஒவ்வொரு தடவையும் செய்கிற ரோபோவுக்குத்தான் பாயின்ட் சேரும்.

உங்கள் கையில் இருக்க வேண்டியவை வேறு. ரூல் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து, எல்லோரும் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், முதல் வாரமே. எந்தக் கன்ட்ரோலர் அனுமதி, எத்தனை மோட்டார், பேட்டரி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் வீடியோவைப் பார்ப்பார்கள், ரூலைப் படிக்க மாட்டார்கள். பிறகு ஓ.டி. லெட்டர், பெற்றோர் கையெழுத்து, வண்டி, சாப்பாடு. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் 'இனிமேல் புதிதாக எதையும் மாட்டக் கூடாது' என்று சொல்கிற அதிகாரமும் உங்களுடையதுதான். அதற்குமேல் ஓட்டிப் பழகுவது மட்டுமே. இதைச் சொன்னால் அன்றைக்கு உங்களை யாருக்கும் பிடிக்காது, பரவாயில்லை.

ஊட்டி, ப்ளஸ் ஒன் மாணவர்: எங்கள் லேபில் ரோபோ சுவருக்குச் சரியாக ஒரு மீட்டர் முன்னால் நிற்கிறது. கீழே போனால் மாறும் என்று அண்ணன் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

உண்மைதான் தம்பி, பயப்பட ஒன்றுமில்லை. நீ வைத்திருப்பது அல்ட்ராசோனிக் சென்சார் என்று எடுத்துக்கொள்கிறேன். அது ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது: 0 டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். ஊட்டியில் காலை 12 டிகிரி என்றால் சுமார் 338. கோவையில் ஒரு ஹாலில் 32 டிகிரி என்றால் சுமார் 350. எதிரொலி சீக்கிரம் திரும்பிவிடும், சுவர் பக்கத்தில் இருப்பதாக ரோபோ நினைக்கும், ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். பந்தைப் பிடிக்கிற கைக்கு மூன்றரை சென்டிமீட்டர் நிறைய. ஊட்டி உயரத்தில் இருப்பதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். உயரம் அல்ல, குளிர்தான் காரணம். புரோகிராமில் ஒலியின் வேகத்தை 0.034 என்று நேரடியாக எழுதியிருப்பாய். அந்த எண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்து மேலே ஒரே இடத்தில் வை. அங்கே போனதும் டேப்பால் ஒரு மீட்டர் அளந்து வைத்து, ரீடிங் பார்த்து மாற்றிக்கொள்.

கலர் சென்சார் இதைவிடத் தொல்லை. நம் லேபில் மூடுபனியின் சாம்பல் வெளிச்சம், அங்கே மேலே வரிசையாக எல்.இ.டி. கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைத் தரைக்கும் இங்கே எடுத்த எண்களை அப்படியே கொண்டுபோகாதே. பட்டனை அழுத்தினால் வெள்ளை, மறுபடி அழுத்தினால் கறுப்பு என்று களத்திலேயே அளவு எடுக்கிற ஒரு சின்னப் புரோகிராம் வைத்துக்கொள். சென்சாரைச் சுற்றி கறுப்பு அட்டையால் ஒரு பாவாடை கட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

'இரண்டு வினாடி முன்னால் போ' என்று நேரத்தை வைத்து எழுதியிருந்தால் அதையும் மாற்று. குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும், மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். அதே பேட்டரி கீழே போனால் துள்ளும், அதே இரண்டு வினாடியில் அதிகத் தூரம் ஓடும். என்கோடர் உள்ள மோட்டார் என்றால் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணி ஓட்டு. என்கோடர் இல்லையென்றால், ஒவ்வொரு ரவுண்டுக்கும் பேட்டரி ஒரே அளவு சார்ஜில் இருக்கும்படியாவது பார்த்துக்கொள்.

இன்னொன்று. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த பாகங்கள் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். மூடிய வண்டியை மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ரோபோவும் உங்களோடு ஹோட்டலுக்குள் வரட்டும்.

கோத்தகிரி, பெற்றோர்: டீமில் என் மகள் ஒருத்திதான் பெண். சார்ட் ஒட்டுவதும் பேசுவதும் மட்டும் அவளிடம் தருகிறார்கள். நான் தலையிடலாமா?

தலையிடுங்கள். ஆனால் அவள் சார்பில் சண்டை போடாதீர்கள், வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "போட்டி அன்று யார் வராவிட்டால் ரோபோ ஓடாது?" ஒரே ஒரு பையன் பெயர் வந்தால் அது டீமுக்கே ஆபத்து என்று அவருக்கும் புரியும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் தெரிந்திருக்க வேண்டும். வயரிங் செய்தவர் அடுத்த வாரம் புரோகிராம் பக்கம், புரோகிராம் எழுதியவர் ஸ்பேனர் பக்கம். ஓட்டுகிறவரைத் தேர்ந்தெடுக்க ஸ்டாப்வாட்ச் போதும். எல்லோரும் ஒரே ரவுண்டை ஐந்து தடவை ஓட்டட்டும். சராசரியைப் பாருங்கள், ஒரு தடவை கிடைத்த அதிக ஸ்கோரைப் பார்க்காதீர்கள். வீடியோ கேமில் புலியாக இருக்கிற பையன் இதில் பல சமயம் பின்தங்குவான், பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி, ப்ளஸ் டூ மாணவர்: இதில் ஜெயித்தால் இன்ஜினீயரிங் அட்மிஷனுக்கு உதவுமா?

தமிழ்நாடு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு உதவாது. அங்கே கட் ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ரோபோவுக்கு அதில் இடமில்லை. ஆசை இருந்தால் வா, ஆனால் டிரைவராக வராதே. ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடு.

குன்னூர், ஒன்பதாம் வகுப்பு: எங்கள் போட்டியில் ரோபோ சரிவில் ஏற வேண்டும். சக்கரம் வழுக்குகிறது. நம்ம மலை ரயில் மாதிரி பல்சக்கரம் வைக்கலாமா?

நல்ல யோசனை, ஆனால் பாதிதான் நடக்கும். நீலகிரி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில்கூட ஏறுகிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை, அதனால்தான் நடுவில் பல்தண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி பதித்திருப்பார்கள், ஏதாவது ஒரு பல் எப்போதும் கவ்விக்கொண்டே இருக்கும். அடுத்த முறை குன்னூர் ஸ்டேஷனில் எட்டிப் பார்.

உனக்கு என்ன சிக்கல் என்றால், போட்டிக் களத்தில் நீ பல்தண்டு பதிக்க முடியாது. எனவே பேட்டரியை நகர்த்து. ரோபோவில் கனமான பொருள் பெரும்பாலும் அதுதான். மோட்டார் சுழற்றுகிற சக்கரங்களுக்கு நேர் மேலே அது வந்தால் பிடிப்பு கூடும். சக்கர ரப்பரை ஈரத்துணியால் துடை, தூசிதான் பாதி வழுக்கல். பல்தண்டு யோசனையைக் கைவிடாதே, பொருளைத் தூக்குகிற லிஃப்ட்டுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

கூடலூர், ஆசிரியர்: எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? எங்களுக்குக் கீழே தெரிந்தவர் யாரும் இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நீளமான வயரோடு. இதை மறந்துவிட்டுப் பக்கத்து டேபிளில் கெஞ்சும் டீம் எல்லாப் போட்டியிலும் உண்டு. ரோபோவில் எத்தனை வகை ஸ்க்ரூ இருக்கிறதோ, அத்தனைக்கும் ஆலன் கீயும் உபரி ஸ்க்ரூவும். இப்போதே எல்லா ஸ்க்ரூவையும் ஒரே சைஸுக்கு மாற்றிவிட்டால் பை பாதியாகக் குறையும். உபரி மோட்டார் ஒன்று, சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) இரண்டு, சர்வோ பல் உடைந்துகொண்டே இருக்கும். கேபிள் டை, இன்சுலேஷன் டேப், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். சில அரங்குகளில் சூடான கருவிக்கு அனுமதி இல்லை, முன்கூட்டியே கேளுங்கள். புரோகிராம் பென்டிரைவில் ஒரு காப்பி, இன்டர்நெட்டை நம்பாதீர்கள். லிப்போ பேட்டரி என்றால் தீப்பிடிக்காத பையில், வயர் முனைகளுக்கு டேப் ஒட்டி.

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் துளைப் பலகை) செருகிய ஜம்பர் வயரோடு கிளம்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு இறங்கும்போது எது கழன்றது என்றே கண்டுபிடிக்க முடியாது. சால்டர் செய்யுங்கள், முடியாவிட்டால் ஒவ்வொரு வயருக்கும் ஹாட் க்ளூ ஒரு சொட்டு.

புளூடூத் வைத்து ஓட்டுகிறீர்களா? கடையில் வாங்கிய மாட்யூலுக்கு ஆலையில் வைத்த பெயரும் 1234 என்ற பின் நம்பரும் அப்படியே இருக்கும். அரங்கில் இன்னும் பத்து டீமுக்கும் அதேதான். உங்கள் போன் அடுத்தவர் ரோபோவோடு இணையும். இங்கேயே பெயரையும் பின்னையும் மாற்றிவிடுங்கள்.

எலுமிச்சம்பழமும் கவரும் மறக்க வேண்டாம். மலை இறங்கும்போது வாந்தி எடுத்த பையன் முதல் ரவுண்டில் ஓட்ட மாட்டான். முடிந்தால் முந்தைய நாள் மாலையே இறங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்தால் ரோடு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

ஊட்டி, ஆசிரியர்: ரோபோவை அளக்கும்போதே பல டீம்கள் மாட்டிக்கொள்வதாகச் சொல்கிறார்களே?

அட்டைப் பெட்டி செய்யுங்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் தொடக்க அளவு பக்கத்துக்கு 18 அங்குலம். உங்கள் போட்டியின் அளவுக்கு உள்ளளவு சரியாக ஒரு பெட்டி, அதற்குள் ரோபோ உரசாமல் இறங்க வேண்டும். ஸ்கேலால் அளந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் கேபிள் டை முனை கண்ணில் படாது, பெட்டியில் படும்.

கோத்தகிரி, பத்தாம் வகுப்பு மாணவி: ஜட்ஜ் ஆங்கிலத்தில் கேட்டால் எங்களுக்கு வராது. வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ்.

ஆசிரியரிடம் சொல்லி, தமிழில் பதில் சொல்லலாமா என்று நடத்துபவர்களிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் குழப்பம். எந்த மொழியானாலும் மனப்பாடம் வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே ஜட்ஜுக்குத் தெரிந்துவிடும். 'இந்தக் கையை ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன செய்தோம், எது உடைந்தது, எதை மாற்றினோம் என்று எழுதி வாருங்கள். கைப்படம் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டிப் பேசினால் மொழி பாதி வேலைதான் செய்ய வேண்டியிருக்கும். செய்தவரே பேசட்டும், நன்றாகப் பேசுகிறவரைப் பேசவிடாதீர்கள்.

குன்னூர், பெற்றோர்: மற்ற டீம்களுக்குக் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்து தருகிறார்களாம். நம் பிள்ளைகள் எப்படிப் போட்டி போடுவது?

நடக்கிறது. அந்த ரோபோ ரவுண்டுக்கு நடுவில் நின்றால் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கோத்தகிரி, டீம் கேப்டன்: முதல் ரவுண்டிலேயே ரோபோ அசையாமல் நின்றுவிட்டால்?

புரோகிராமைத் தொடாதே. நேற்று ஓடிய புரோகிராம் ராத்திரியில் தானாக மாறாது. ஸ்விட்ச், பேட்டரி வோல்டேஜ், கழன்ற வயர், இந்த வரிசையில் பார். லேப்டாப் கடைசி. ஒருவர் மட்டும் ரோபோவைத் தொடட்டும், இன்னொருவர் வரிசையைச் சத்தமாக வாசிக்கட்டும், மீதிப் பேர் தள்ளி நிற்கட்டும். இதை வீட்டிலேயே பழகலாம்: வாத்தியார் யாருக்கும் தெரியாமல் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு நேரம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

கூடலூர், ஆசிரியர்: டிசம்பர் கடைசியில் தேதி சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

அரையாண்டுத் தேர்வைப் பாருங்கள். டீமில் படுகர் பிள்ளைகள் இருந்தால் ஹெத்தையம்மன் பண்டிகைத் தேதியையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்த நாளில் அவர்களைக் கூப்பிடவும் கூடாது, கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

குன்னூர், இயற்பியல் ஆசிரியை (மறுபடியும்): போட்டி முடிந்ததும் ரோபோவைக் கழற்றிவிடலாமா? அடுத்த வருடத்துக்குப் பாகம் தேவைப்படுமே.

உடனே வேண்டாம். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும், அடுத்த டீம் அங்கிருந்துதான் வரும். பிறகு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். லிப்போ பேட்டரியை முழு சார்ஜில் அலமாரியில் பூட்டாதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் இறக்கி, ரோபோவிலிருந்து பிரித்து வையுங்கள். உப்பியிருந்தால் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.