ரோலின் கடைசியில் மிஞ்சும் இரண்டு படங்கள்

"சிறுவயதுப் பொழுதுபோக்கே தொழிலாகிவிட்டவர்கள் இருக்கிறீர்களா? தொழிலான பிறகும் அந்த ஆசை மிஞ்சியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எனக்கு மிஞ்சியது. எங்கே மிஞ்சியது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

1978 கோடை விடுமுறையில் மாமா தன் பழைய அக்ஃபா கிளிக் கேமராவைக் கொடுத்தார். எனக்கு 11 வயது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, எத்தனையாவது படம் என்று பார்க்கப் பின்பக்கம் ஒரு சிவப்பு ஜன்னல், அவ்வளவுதான். ஊட்டி ஆலையில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றில் 12 படம். ரோலுக்குக் காசு சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் கண்ணாலேயே பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவேன். ஒரு பங்குனியில், வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்று, பல்லக்கில் வந்த எங்கள் ஊர்ச் சாமி ராஜகோபாலன் மேல் வீசிய வெண்ணெய் கொஞ்சம் லென்ஸில் தெறித்துவிட்டது. கழுவி வந்த படத்தில் பல்லக்கின் ஒரு ஓரம் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் பனிமூட்டம். வீணாப்போச்சு என்றார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல்தான் உயிர்.

பிளஸ் டூ முடித்ததும் 1985இல் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்க டார்க் ரூம். சிவப்பு பல்பு வெளிச்சத்தில், டெவலப்பர் தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால் வெள்ளைப் பேப்பரில் முதலில் தலைமுடி வரும், அப்புறம் புருவம், கடைசியாகத்தான் கன்னம். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலின் வாசம் சட்டையை விட்டுப் போகாது. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்யவும் அங்கேதான் பழகினேன். முகத்துப் பரு நெகட்டிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். கூரான பென்சிலால் அதைத் தொட்டுத் தொட்டு நிரப்ப வேண்டும். அழுத்தினால் முகமே போச்சு.

1994இல் சொந்தக் கடை. அடுத்த வருஷமே ஒரு கல்யாணத்தில் பெரிய தப்பு செய்தேன். ஃபிலிம் நுனி கேமராவுக்குள் இருக்கும் பல்லில் மாட்டவில்லை, அதனால் ஃபிலிம் நகரவே இல்லை. 36 படம்தான் ரோலில்; எண் அதைத் தாண்டி 38 வந்தபோதுதான் உறைத்தது. தாலி கட்டிய படம் ஒன்றுகூட இல்லை. பெண்ணின் அப்பா முன் நின்ற அந்த நிமிஷம் இன்றும் வலிக்கிறது. அதன் பிறகு, ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கும்போதும், ஃபிலிம் நகர்ந்தால் கூடவே சுற்றும் ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்காமல் இருந்ததில்லை.

சரி, ஆசைக்கு வருகிறேன். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். யாராவது நாளைக்கே வேண்டும் என்பார். ரோல் முடியும் முன்பே கழுவ வேண்டியிருக்கும், ஆனால் அதில் இரண்டு மூன்று படம் பாக்கி இருக்கும். அதை வீணாக்க மனசு வராமல், வாசலுக்கு வந்து எனக்குப் பிடித்ததை எடுப்பேன். சைக்கிள் கடைப் பையன், மழையில் ஒதுங்கிய ஆடு, எதிரே பூக்கட்டும் அக்கா. இரண்டே படம் என்பதால் 11 வயதில் காத்திருந்த மாதிரியே காத்திருப்பேன். டிஜிட்டல் வந்ததும் மிச்சம் என்பதே இல்லாமல் போனது. இப்போது கடை சாத்தும் முன் இரண்டு படம், அதற்கு மேல் இல்லை என்று நானாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2019இல் பூக்கார அக்கா தவறிவிட்டார். மகள் ரேஷன் கார்டோடு வந்தார். தபால்தலை அளவில் மங்கிய முகம், வீட்டில் வேறு படமே இல்லை. மாலை போட முகம் மட்டும் பெரிதாக வேண்டும் என்றார். வருஷம் எழுதிய கவர்களில் இரண்டு ராத்திரி தேடி, 1997 ரோல் ஒன்றின் கடைசி நெகட்டிவை எடுத்தேன். மடியில் மல்லிகை, விரலில் சுற்றிய நார், தலை லேசாகச் சாய்ந்திருந்தது.

பிரிண்டை நீட்டியதும் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை வெட்டிடாதீங்கண்ணே" என்றார்.