ரசவாத நூல் கிடைத்ததும் ஆட்டம் படுத்துவிட்டதா?
அல்சூர் நண்பரே, ஞாயிறுதோறும் நீங்கள் கதை சொல்லி நடத்த, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கற்பனை உலக விளையாட்டில் ரசவாத நூல் சிக்கியதும் ஆடுபவர்கள் எல்லோரும் செம்பைப் பொன்னாக்கிக் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள், கதை நகரவில்லை என்கிறீர்கள். நூலைப் பிடுங்காதீர்கள், கடுப்பாவார்கள். அதில் இருப்பது வெறும் பொன்முலாம் என்று வைத்துவிடுங்கள். நிஜத்திலேயே அப்படி ஒரு பழைய முறை உண்டு: பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, செம்பின் மேல் பூசிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் ஒட்டிக்கொள்ளும். பொன் செய்யவே முதலில் பொன் வேண்டும்! அந்த ஆவியோ விஷம். கை நடுங்கும், புத்தி தடுமாறும். நூலை முன்பு வைத்திருந்தவரின் ஓரக்குறிப்புகள் பக்கத்துக்குப் பக்கம் கோணலாகிக்கொண்டே போகட்டும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. அப்புறம் சந்தையில் ஒரு நகை செய்யும் பத்தர் காசை வெட்டிப் பார்க்கட்டும், உள்ளே செம்பு தெரிந்துவிடும். ஏற்கெனவே விற்ற காசுகளா? வாங்கியவர்கள் தேடி வருவார்கள், அடுத்த ஞாயிறுக்கு அது போதும்.