பேரேட்டின் கடைசி ஏடுகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஒரு நாட்டுக்கு நேர்ந்த பெருந்துயரை, அதில் பிழைத்தவர்கள் சொல்லும் கதைகளைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? வயதாக வயதாக நினைவு மாறிவிடுகிறதே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் என்ற முறையில், எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் ஒரு பேரேட்டையும், அதைச் சுமந்து வந்தவர் சொன்ன கதையையும் வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். நான் சொல்லும் துயரம் 1942-ல் பர்மாவிலிருந்து இந்தியர்கள் நடந்து வந்தது. விடுதலைப் போராட்டத்துக்கும் பிரிவினைக்கும் இடையே அகப்பட்டு, பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாமல் போன துயரம் அது.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மீது குண்டு வீசின. என்னவென்று தெரியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று ஒரே நாளில் இறந்தனர். கப்பலில் இடம் பிடிக்க வசதியும் செல்வாக்கும் வேண்டியிருந்தன. துறைமுக வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, வயது வந்த இந்திய ஆண்களுக்குக் கப்பலின் திறந்த தளத்தில் பயணம் செய்யும் மலிவான சீட்டு விற்பதையே அரசு சில காலம் நிறுத்தி வைத்தது. 1942 மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்த பிறகு மலைப்பாதைகள்தாம் மிஞ்சின. மேற்கே அரக்கான் மலையைத் தாண்டுவது ஒன்று, கலேவா, தமு வழியாக மணிப்பூருக்கு வருவது ஒன்று, வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கைக் கடந்து அசாமுக்கு வருவது ஒன்று. நான்கைந்து லட்சம் பேர் திரும்பினர் என்றும், வழியில் இறந்தவர்கள் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கலாம் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியே, இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை என்பதற்குச் சான்று.

செட்டிநாட்டில் பர்மாவை மறந்தவர் யாருமில்லை. ஆனால் எதை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் எனக்கு உறுத்தல். எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் எந்த ஆற்றில் மிதந்து எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறின என்று என் அப்பத்தா சொல்வார். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் வட்டிக்கடைகளின் கைக்கு வந்ததையும், 1930-களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்ததையும், 1948-க்குப் பிறகு அது நாட்டுடைமையாகிப் போனதையும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் எந்தப் பெரியவரும் ஏக்கர் கணக்கோடு சொல்வார். (அந்த நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கும் ஒரு கதை இருந்திருக்கும் என்பது அந்தப் பந்தியில் பேசப்படுவதில்லை.) போன சொத்துக்கு எங்களிடம் கணக்கு இருக்கிறது. நடந்தவர்களுக்கு இல்லை. காரணம் எளியது: முதலாளிகளில் பெரும்பாலோர் கப்பலில் வந்துவிட்டார்கள், நடந்தவர்கள் அடுத்தாள்களும் (கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஊழியர்கள்) பெட்டியடிப் பையன்களும் (கடையில் எடுபிடி வேலை செய்யும் சிறுவர்கள்) சமையல் ஆள்களும் கூலிகளும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா குடும்பத்தோடு 1942 தொடக்கத்திலேயே கப்பல் ஏறி வந்துவிட்டார். ஐராவதி டெல்டாவில் இருந்த கடையை அடுத்தாளிடம் ஒப்படைத்து, கணக்குகளை மட்டும் எப்படியாவது ஊர் கொண்டுவந்து சேர்க்கும்படி சொல்லிவிட்டு வந்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்தக் கணக்குக் கட்டைச் சுமந்தவர் கடையின் சமையற்காரர், அப்போது அவருக்குப் பதினேழு வயது. ஊர் திரும்பிய பின்னும் எங்கள் வீட்டிலேயே சமையல் பார்த்து, நான் பள்ளிக்கூடம் படித்த காலம்வரை இரண்டாங்கட்டில் விறகடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அப்பாவை நாங்கள் 'ஐயா' என்று அழைப்பதால், இவரைத் தயக்கமின்றித் 'தாத்தா' என்றே அழைத்தோம்.

அந்தப் பேரேட்டைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு உண்டு, பாதி வேடிக்கை, பாதி குறை. "கொண்டுவந்தான், ஆனா முப்பது நாற்பது ஏட்டைக் கிழிச்சுட்டுக் கொண்டுவந்தான்" என்பார்கள். கிழிந்து போனவை வரவேண்டிய பாக்கி எழுதிய ஏடுகள். பின்னாளில் இழப்பீடு கேட்டு எழுதியபோது அவை கையில் இல்லாததால் கேட்க முடியாமல் போன தொகையைப் பெரியவர்கள் மனக்கணக்காகப் போட்டுச் சொல்வார்கள். அவர் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பேச்சு நடக்கும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

1991 கோடை விடுமுறையில், வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த டேப் ரெக்கார்டரில் எதையாவது பதிவு செய்யவேண்டும் என்ற ஆசையில், அவர் முன் போய் உட்கார்ந்தேன். வரலாற்று அக்கறை எதுவும் எனக்கு அப்போது இல்லை. பர்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் இரங்கூன் தெருக்களையும் மொகல் தெருவில் வரிசையாக இருந்த கடைகளையும் சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் சொல்வதுதான். எனக்கே சலித்துப்போய், "ஏன் தாத்தா பேரேட்டைக் கிழிச்சீங்க?" என்று கேட்டேன். அந்த நாடாவை இப்போது ஓட்டினாலும், அந்த இடத்தில் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு அவர் குரல்:

"வெறகெல்லாம் ஈரம் தம்பி. முந்தின ராத்திரி மழை. பத்தவே மாட்டேங்குது. பச்சத் தண்ணியக் குடிச்சவன் ரெண்டு நாளையில போயிர்றான், கண்ணால பாத்துக்கிட்டே வர்றோம். பெட்டியடிப் பையன் தண்ணி தண்ணிங்கிறான். காச்சாமக் குடுக்கக் கூடாதுன்னு அடுத்தாள் சொல்லிட்டார். முதல்ல எழுதாத ஏட்டக் கிழிச்சேன். அது தீந்துபோச்சு. அப்புறம் எழுதினதக் கிழிச்சேன். அடுத்தாள் பாத்துக்கிட்டுத்தான் இருந்தார், கிழின்னும் சொல்லல, கிழிக்காதேன்னும் சொல்லல."

அந்தப் பையன் பிழைத்தானா என்று கேட்டேன். தமுவைத் தாண்டி முதல் ஏற்றத்தில், பொழுது விடிவதற்கு முன் போய்விட்டதாகவும், குழி தோண்ட எதுவும் இல்லாததால் இலை தழை போட்டு மூடிவிட்டு நடந்ததாகவும் சொன்னார். "ரெண்டாவது செம்புத் தண்ணி கொதிக்கல அதுக்குள்ள" என்பதோடு அந்தப் பக்கம் நாடா முடிந்துவிடுகிறது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இனி வருகிறேன். அவர் நினைவு தவறாததா? இல்லை, தவறியிருக்கிறது. இம்பால் நகரில் ஜப்பானியர் குண்டு வீசியதைத் தன் கண்ணால் கண்டதாக அதே நாடாவின் மறுபக்கத்தில் விரிவாகச் சொல்கிறார். புகை எந்தப் பக்கம் போயிற்று என்றுகூடச் சொல்கிறார். இம்பால் மீது குண்டு விழுந்தது 1942 மே 10 அன்று. அவர்களோ அதற்கு நாலைந்து நாள் முன்பே இம்பாலையும் கடந்து திமாப்பூர் ரயிலடிக்கு வந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் சொன்னதைப் பல வருடம் கேட்டுக் கேட்டுத் தான் கண்டதாகவே அவர் மனத்தில் பதித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதியையும் இடத்தையும் நாடுபவர், ஒருவர் சொல்லை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அவர்கள் திமாப்பூருக்கு வந்த நாள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதே பேரேட்டிலிருந்து. அவர் காலமான பிறகு, வீட்டை ஒழுங்குபடுத்தும்போது நான் அதை முதன்முறையாகக் கையில் எடுத்தேன். மெழுகுத்துணியில் சுற்றி வந்தது என்றாலும் கீழ்மூலை முழுவதும் நீர் ஏறிக் கறுத்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தையலுக்கு அருகே கிழிந்த ஏடுகளின் விளிம்பு சீப்புப் பல்போல நின்றது. அவசரத்தில் கிழித்ததாகத் தெரியவில்லை, ஒவ்வொன்றாக மடித்து நேராகக் கிழித்திருந்தார். மிஞ்சிய கடைசி ஏடுகளின் பின்பக்கத்தில், கடைக்கணக்கின் மைக்கு மாறாகப் பென்சிலில், அடுத்தாளின் சிறிய கையெழுத்து. வழியெல்லாம் அவர் கணக்கு எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பினால் முதலாளியிடம் கடைசிக் காசுவரை ஒப்புவிக்க வேண்டும் என்ற பழக்கம், காட்டிலும் அவரை விடவில்லை.

சித்திரபானு வருடம் சித்திரை 3, கலேவா. ஆள் ௯ (தமிழ் எண்ணில் ஒன்பது). அரிசி இரண்டேகால் படி. உப்பு. அடுத்த வரியில் அடுத்த நாள். ஆளுக்குக் கால்படி என்பது அவருடைய விதி. சித்திரை 8-ல் ஆள் ௮ (எட்டு), அரிசி இரண்டு படி. 11-ல் ஆள் ௭ (ஏழு), அரிசி ஒன்றேமுக்கால் படி. 14-ல் ஆள் ௬ (ஆறு). இப்படியே 23-ம் தேதி திமாப்பூர் வரை. பெயர் ஒன்றுகூட இல்லை, ஏன் குறைந்தது என்ற ஒரு சொல்லும் இல்லை. குறைந்த ஆளுக்குத் தக்கபடி அரிசி குறைந்திருக்கிறது, அவ்வளவே. மணிப்பூர் எல்லைக்குள் வந்த பிறகு, தேயிலைத் தோட்டக்காரர்கள் நடத்திய முகாம்களில் வாங்கிக் குடித்த தேநீருக்கும் சோற்றுக்கும் எதிரே 'இனாம்' என்று எழுதிப் பற்றில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுபவர், ஒன்பதில் மூவர் இறந்தனர் என்று எழுதிவிடுவார். அது தவறு. நாடாவில் தாத்தா சொல்கிறார்: முதலில் குறைந்த ஆள் காய்ச்சலோடு வழியில் ஒரு முகாமில் தங்கிவிட்டவர், ஆவணி மாதம் தேவகோட்டைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர். இரண்டாவதாகக் குறைந்தவர் இராமநாதபுரத்துப் பக்கத்துக் கூலி, பேதியில் இறந்தவர். அவர் பெயரைத் தாத்தாவாலும் சொல்ல முடியவில்லை, 'வெத்திலை அண்ணன்' என்றுதான் கூப்பிட்டோம் என்கிறார். மூன்றாவது ஆள்தான் பெட்டியடிப் பையன். நாள் கணக்கில் இருக்கிறது, ஆள் கதையில் இருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்திக்கொள்ள முடிந்தது, இரண்டும் கைக்குக் கிடைத்ததால்தான். பெரும்பாலான வீடுகளில் கணக்கு கறையானுக்குப் போயிற்று, கதையைக் கேட்க ஆளில்லாமல் சொல்லக்கூடியவர்களும் போய்விட்டார்கள்.

ஆகவே இன்றும் இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அது 1964-ல் பர்மாவிலிருந்து இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டுவந்தவராகவே இருக்கட்டும், போய்க் கேளுங்கள். "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த பதில் ஒன்று தயாராக இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், எதை வழியில் போட்டீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் முதலாளி வீட்டில் கேட்பதற்கு முன் சமையற்கட்டில் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டியடிப் பையனின் அக்காள் மகன், எழுபதைத் தாண்டியவர். இறந்த நாள் தெரியாததால் தன் தாயார் உயிரோடு இருந்தவரை ஆடி அமாவாசையில்தான் தம்பிக்குத் திதி கொடுக்கச் சொன்னார் என்றும், அதையே தானும் செய்து வருவதாகவும் சொன்னார். நாடாவைப் போட்டுக் காட்டினேன். பேரேட்டைப் பட்டாலையில் விரித்து, 14-ம் தேதி வரியைக் காட்டினேன். ௬ என்ற எழுத்தின் மீது விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த நாளைத் தாளில் குறித்துக்கொண்டு போய், பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த புரோகிதர் ஒருவரிடம் காட்டி, வளர்பிறையில் எந்தத் திதி என்று தெரிந்துகொண்டார். இப்போது சித்திரையில் அந்தத் திதியன்று மாமனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறார். ஆடி அமாவாசையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க தம்பி. அது அம்மா கொடுத்த நாள். அதையும் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.