ஹைட்ராலிக் போனால் கைபலம் போதுமா? - கேள்வி பதில்

நான் ஹேங்கரில் (விமானம் பழுதுபார்க்கும் கொட்டகை) போயிங் 737 விமானங்களோடு காலம் தள்ளியவன், பைலட் இல்லை. அதற்கேற்ப கேளுங்கள்.

கே: ஹைட்ராலிக் (அழுத்த எண்ணெயால் விமானத்தின் பாகங்களை அசைக்கும் அமைப்பு) மொத்தமும் போனால் கையாலேயே ஓட்ட முடியுமா?

ப: 737 என்றால் முடியும். கன்ட்ரோல் வீலில் இருந்து ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) பக்கம் கேபிள் போகிறது. சாதாரண நேரத்தில் அது வால்வைத் திறந்துவிடும், அவ்வளவுதான். பாரத்தைத் தள்ளுவது எண்ணெய். எண்ணெய் போனால் பாரம் முழுக்க கேபிள் வழியாக உங்கள் தோளுக்கு வரும். துருப்பிடித்த அடிபம்பை அடிப்பது போல இருக்கும். ருடருக்கு (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) மட்டும் தனி ஸ்டாண்ட்பை, அதாவது மாற்று ஹைட்ராலிக்.

747, டிசி-10 மாதிரி பெரிய விமானங்கள் எல்லாம் வேறு. பீமனே உட்கார்ந்தாலும் அசையாது. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் இறங்கிய டிசி-10-இல் மூன்று ஹைட்ராலிக்கும் காலி. எஞ்சின்களை ஏற்றி இறக்கியே ஓட்டி வந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

கே: எத்தனை கிலோ பலம் வேண்டும்?

ப: அமெரிக்க விதிப்படி கொஞ்ச நேரத்துக்கு உச்சவரம்பு: இரு கையால் இழுக்க 34 கிலோ, வீலைத் திருப்ப 23, காலால் மிதிக்க 68. நீண்ட நேரத்துக்கு என்றால் இழுக்க 4.5 கிலோதான்.

கே: ஜிம் போகணுமா சார்?

ப: வேகத்தைக் குறைக்கணும். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நாலு மடங்கு.

கே: பெண் பைலட்டுகளால் முடியுமா?

ப: விதியில் ஆண், பெண் என்று இல்லை. அடுத்தது.

கே: 2019 எத்தியோப்பிய 737 மேக்ஸ் விபத்தில் ட்ரிம் சக்கரம் (வாலின் கிடை இறக்கையான ஸ்டெபிலைசரின் கோணத்தைக் கையால் மாற்றும் சக்கரம்) சுற்றவில்லையே, பலம் போதாமல்தானே?

ப: அது ஹைட்ராலிக் கோளாறே இல்லை. ஆனாலும் நல்ல கேள்வி. மூக்கு கீழே போகாமல் இருக்க கன்ட்ரோல் வீலை இழுத்துப் பிடித்தார்கள். அந்த இழுப்பே பின்னால் ஸ்டெபிலைசரின் திருகுத்தண்டை இறுக்கியது. வேகமோ 340 நாட்-ஐ (மணிக்குச் சுமார் 630 கி.மீ.) தாண்டிவிட்டது. அதில் யார் சுற்றியிருந்தாலும் சுற்றாது.

கே: எஞ்சினைக் குறைக்காதது அவர்கள் தப்புதானே?

ப: குறைத்திருக்கலாம். ஆனால் ஒற்றை சென்சாரை நம்பி மூக்கை அழுத்திய மென்பொருளை விட்டுவிட்டு செத்தவர்களைத் திட்டாதீர்கள்.

கே: அவர்களுக்குப் பயிற்சி...

ப: போதும். சுற்றி முடித்தால் ட்ரிம் சக்கரத்தின் கைப்பிடியை மடக்கி வையுங்கள். மடக்காமல் விட்டு, மோட்டார் அந்தச் சக்கரத்தைச் சுற்றினால் முட்டி பெயரும். என் முட்டி சாட்சி.

கே: ஏடிஆர் விமானம்?

ப: அதில் ஏலரான், எலிவேட்டர், ருடர் மூன்றுக்கும் எப்போதுமே ஹைட்ராலிக் கிடையாது.

கே: ஏர்பஸ் ஏ320?

ப: அதில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள்.

கே: சார், எத்தனை கிலோ பலம் வேண்டும்?

ப: மேலே படியுங்கள். கைப்பிடியையும் மடக்குங்கள்.